சுத்தமாக இருந்த போன்

சந்திரகலாவுக்குக் குதிகால் வலி காலை எட்டரைக்கே ஆரம்பித்துவிடும். முதலில் ஊசி குத்தினாற்போல் ஒரு சுருக்கு. பத்து மணிக்குள் அது கெண்டைக்கால் வரை ஏறி உட்கார்ந்துகொள்ளும். பகல் சாப்பாட்டு நேரத்தில், எந்தக் காலை ஊன்றினால் கொஞ்சம் தேவலை என்று மாற்றி மாற்றிப் பார்த்தபடி நிற்பாள். செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்த பூட்ஸ் ஆம்பிளை அளவு. முன்பக்கம் பழைய பாவாடைத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். கேட்டில் நிற்பவர் உட்காரக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்களாம். சட்டம் போட்டவர் நாள் முழுக்கச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள், இரும்பை உருக்கி அச்சில் வார்க்கிற நடுத்தரமான ஒரு தொழிற்சாலை அது. பம்பு உறை, வால்வு, சாக்கடை மூடி என்று எது ஆர்டர் வந்தாலும் வார்ப்பார்கள். புதுவாயலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்றால், மாலை ஆறுக்குத்தான் சந்திரகலா அங்கிருந்து நகர முடியும். வண்டி நம்பர் எழுதுவது, டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பது, போன்களை வாங்கி வைப்பது ஆகியவை அவள் வேலை.

அந்தப் போன் விஷயம் இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது. எவனோ உலைக்குப் பக்கத்தில் நின்று தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், மேலாளர் கண்ணில் பட்டுவிட்டான். மறுநாளே கேட்டில் மரத்தால் ஒரு ரேக் வந்தது. புறாக்கூண்டு மாதிரி அறுபது கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். உள்ளே போகும்போது போனைக் கொடுத்துவிட வேண்டும். காலை டீக்கும் பகல் சாப்பாட்டுக்கும் வெளியே வரும்போது வாங்கிப் பார்க்கலாம், பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

அப்படி வெளியே வருகிறவர்களின் கையெல்லாம் கருப்பு. அச்சின் உள்பக்கம் இரும்பு ஒட்டாமலிருக்க கிராஃபைட் மையைக் குழைத்துப் பூசுவார்கள். பென்சில் முனையை இடித்து எண்ணெயில் கலந்தது போல இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. பத்து நிமிட இடைவேளையில் சோப்பைத் தேடிப் போகிறவர்களும் கிடையாது. விரல் ரேகையை வைத்துப் போனைத் திறக்கலாம் என்று கடைக்காரன் சொல்லித்தான் விற்றான். ஆனால் அச்சுக்கு மணல் அள்ளி அள்ளி ரேகை தேய்ந்துபோன விரலைப் போன் தெரிந்துகொள்வதே இல்லை. அதனால் எல்லோரும் ஒன்பது புள்ளிமேல் கோடு இழுக்கிற பூட்டுத்தான் போட்டிருந்தார்கள். கருப்பு விரலால் இழுத்த கோடு, போனைத் திரும்பக் கொடுத்த பிறகும் கண்ணாடிமேல் அப்படியே இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்தால், கரும்பலகையில் எழுதினாற்போல் தெரியும்.

இதை சந்திரகலா தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் காலை வெயில் கேட் அறை ஜன்னல் வழியாக ரேக்கில் விழுந்தது. பதினேழாம் கட்டத்துப் போன்மேல் பளிச்சென்று ஒரு 'ப'. அது அச்சுக்கு மை பூசுகிற பானுவின் போன். சந்திரகலா அந்தக் கோட்டின்மேல் தன் விரலை ஓட்டினாள். போன் திறந்துகொண்டது. திருடி மாட்டிக்கொண்டவளைப்போல அவளுக்கு வியர்த்துவிட்டது. உடனே சிரிப்பும் வந்தது. தன் பெயரின் முதல் எழுத்தையா பூட்டாகப் போடுவாள் ஒருத்தி?

அதற்குப் பிறகுதான் விளையாட்டு தொடங்கியது. பானுவின் போனில் முகப்புப் படமாக இருந்த நடிகரை எடுத்துவிட்டு, கேட்டில் படுத்துக் கிடக்கும் சொறி நாயின் படத்தை வைத்தாள். கொதிக்கிற இரும்பை ஏந்திப்போய் அச்சில் ஊற்றுகிற நாகமுத்து, பகலில் எடைமேடை நிழலில் படுத்துக் குறட்டை விடுவார். அதைத் தன் போனில் பதிவுசெய்து, அவர் போனுக்கு அனுப்பி, அதையே அழைப்பு மணியாக வைத்துவிட்டாள். சாயங்காலம் எளாவூர் பஸ்ஸில் அவர் மனைவி கூப்பிட்டபோது பஸ் முழுக்கக் குறட்டை. பக்கத்தில் இருந்தவர் நாகமுத்துவைத் தட்டி எழுப்பினாராம். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் கேட்டில் வந்து நின்று எல்லோரிடமும் சொன்னார். "போன்ல இன்னாவோ கீது நைனா. நான் முழிச்சினு கீறேன், அது தூங்குது!"

ஒரு வாரம்வரை எல்லோரும் பேய் என்றார்கள். பானுதான் சந்திரகலாவின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"யக்கா, நீதான! அந்த நாயி மூஞ்சப் பாத்து எங்க ஊட்டுக்காரு இன்னா சொன்னாரு தெரிமா? 'இன்னாடி, புச்சா செல்ஃபி எடுத்தியா'ன்றாரு!"

கேட்டே சிரித்தது. நாகமுத்து குறட்டையை மாற்றச் சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அன்றிலிருந்து டீ நேரத்தில் இது ஒரு வித்தையாகிப்போனது. சந்திரகலா ஒருவர் போனை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். நெற்றியிலிருந்து எடுக்கும்போது வெளிச்சத்தில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு, "ஏணி, அப்புறம் ஒரு வளைவு" என்று சொல்லிக் கோடு இழுப்பாள். திறந்துவிடும். எப்படி என்று யார் கேட்டாலும், "எங்க குலசாமி சொல்லுது" என்பாள். பன்னிரண்டு மணி நேரம் நிற்பதில் அந்தப் பத்து நிமிடம்தான் அவள் நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணாக இருந்தாள். மீதி நேரம் அவளும் கேட்டில் ஒரு கம்பம்.

யாரும் கோட்டை அழிக்கவில்லை, பூட்டை மாற்றவுமில்லை. அவர்கள் போனில் ஒளித்து வைக்க என்ன இருந்தது? பிள்ளைகள் படம், சினிமாப் பாட்டு, சிரிப்பு வீடியோ. அப்படித்தான் நினைத்தார்கள்.

காண்ட்ராக்டரின் சூபர்வைசர் தானியேல் கெட்டவனாகத் தெரிய மாட்டான். மென்மையாகப் பேசுவான். சட்டைப்பையில் எப்போதும் மடித்த கைக்குட்டை வைத்திருப்பான். ஒரு திங்கட்கிழமை, கேட்டில் அவள் காலை மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்தான்.

"இன்னா கலாம்மா, காலு வலியா?"

"நிக்கிற வேலதான சார்."

அவன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்து ரேக்குக்குப் பக்கத்தில் போட்டான். "குந்துங்க. யாராச்சும் கேட்டா தானியேல் சொன்னான்னு சொல்லுங்க."

அவள் உட்கார்ந்தாள். குதிகாலிலிருந்து வலி வடிந்து இறங்கிய அந்த முதல் நிமிடத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அந்தக் கேட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தானியேல் டீ வாங்கிவரச் சொல்லி, தானும் ஒன்றைக் குடித்துக்கொண்டே சிரித்தபடி கேட்டான்.

"அது சரி, அந்த சாமி வித்த எப்டி? எனுக்கு மட்டும் சொல்லுங்க. பசங்க முன்னால நானும் பண்ணிக் காட்டறேன்."

பானுவுக்குச் சொல்லாததை, நாகமுத்துவுக்குச் சொல்லாததை, அவனுக்குச் சொன்னாள். ஒரு போனை எடுத்துச் சாய்த்தும் காட்டினாள். "அட" என்றான் அவன். "இவ்ளோதானா!"

அந்த வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு, டீ முடிந்து எல்லோரும் உள்ளே போனபின், தானியேல் வந்து வண்டி ரெஜிஸ்டரை ஆபீசில் காட்டிவிட்டு வரச் சொன்னான். "நான் கேட்ட பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க." ஆபீசில் யாரும் ரெஜிஸ்டரைக் கேட்கவில்லை. பத்து நிமிடம் காக்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவள் வந்தபோது தானியேல் ஹாரன் அடித்த லாரிக்குக் கதவு திறந்துகொண்டிருந்தான். பகலில் பானுவுக்குப் போனை எடுத்துக் கொடுக்கும்போது சந்திரகலாவின் கையில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கண்ணாடி வழவழவென்று இருந்தது. அவள் முகம் அதில் தெரிந்தது. 'ப' இல்லை. ஒரு பொட்டுக் கருப்பில்லை. அந்த ரேக்கில் இரண்டு வருடமாக ஒரு போன்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பானு துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை ஷெட்டுக்குள் எல்லோரையும் நிற்கவைத்து, தானியேல் ஒரு காகிதத்திலிருந்து படித்தான். ஆட்களிடம் 'நாஷ்டா குரூப்' என்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. இருபத்துநான்கு பேர். இட்லி படத்துக்கு நடுவே அதில் ஒரு மாதமாக வேறு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. கிழிந்த கையுறை, ஓட்டை விழுந்த ஷூ, உருகின இரும்பு தெறித்த புண்களின் படம். எல்லாவற்றையும் திரட்டித் திங்கட்கிழமை ஆறுபேர் லீவு போட்டுத் திருவள்ளூரில் தொழிற்சாலை ஆய்வாளரிடம் மனு கொடுப்பது என்று முடிவு. தானியேல் குரலை உயர்த்தாமல், யார் பெயர், என்ன எழுதினார், எத்தனை மணிக்கு என்று படித்துக்கொண்டே போனான். தன்னைப் பற்றி பானு எழுதியிருந்த கேலியைக்கூடப் படித்தான். கடைசியில், "திங்கக்கெழம லீவு போடறவங்க செவ்வாக்கெழமயும் வர வேணாம்" என்று காகிதத்தை மடித்தான்.

திங்கட்கிழமை ஒருவரும் திருவள்ளூருக்குப் போகவில்லை.

யார் காட்டிக்கொடுத்தது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குழுவில் ஒரு வரிகூட எழுதாத ஆள் ஒருவர்தான். நாகமுத்து. அவருக்குத் தட்டச்சு வராது, கட்டைவிரல் படம் மட்டும் போடுவார். அதோடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தானியேலின் அறைக்குப் போய்க் கால்மணி நேரம் இருந்துவிட்டு வந்ததை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். மனைவியின் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்கப் போனேன் என்று அவர் சொன்னார்.

"நல்லா கீதே கத" என்றாள் பானு. முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். "எயுதறதில்ல, பேசறதில்ல. உள்ள குந்திகினு எல்லாத்தையும் படிக்க மட்டும் படிச்சினு இருந்துகீறாரு."

உருகின இரும்பை ஏந்திப்போகும் லேடில் வாளிக்கு இரண்டு பக்கமும் நீண்ட கம்பி. ஒரு முனையை ஒருவர், மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். அடியெடுத்து வைப்பது, சாய்ப்பது, நிறுத்துவது எல்லாம் பேச்சில்லாமல் நடக்கும். ஒருவர் தடுக்கினால் இருவரின் காலும் போய்விடும். ஏழு வருடமாக நாகமுத்துவின் மறுமுனையைப் பிடித்தவர் சின்னராசு. அந்தத் திங்கட்கிழமை சின்னராசு வேறொருவர் லேடிலுக்குப் போய் நின்றார். நாகமுத்து கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். யாரும் வரவில்லை. அவரை மணல் சலிக்கப் போட்டார்கள்.

பகலில் அவர் எடைமேடை நிழலில் தனியாகச் சாப்பிட்டார். குறட்டை விடவில்லை, தூங்கவே இல்லை.

சந்திரகலா இதையெல்லாம் கேட்டிலிருந்து பார்த்தாள். கம்பத்துக்குக் கண்ணும் இருந்தது, அதுதான் தொல்லை. அந்தச் சுத்தமான கண்ணாடியின் வழவழப்பு அவள் கைக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாள், பானுவிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம நீ போன தொடச்சியா?"

"எதுக்குத் தொடைக்கணும்? நான் பாத்திரமே ஒருவாட்டிதான் தொடைப்பேன்."

அதோடு சந்திரகலாவுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. மடித்த கைக்குட்டை. வேலை முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துவைக்கிற நல்ல பழக்கம். அழுக்கை விட்டுவிட்டுப் போயிருந்தால் அவனை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சொல்லலாம். சொன்னால், யார் கற்றுக்கொடுத்தது என்பார்கள். ஏஜென்சிக்குச் செய்தி போகும். வீட்டில் அவள் சம்பளம்தான் நிலையானது. புருஷன் செக்போஸ்ட்டில் லாரிக்கு லோடு கட்டுகிறவன், வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் பெரிது. இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது, அதைத் தனக்குத்தானேகூட அவள் உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை: நாற்காலி. அவள் இன்னும் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்படியே ஒரு வாரம் ஓடிப்போனது.

பத்தாம் நாள் ஆள் குறைவு. ஒடிசாவிலிருந்து வந்து நான்கு நாளே ஆன ஒருவனை நாகமுத்துவின் மறுமுனையில் நிறுத்தி லேடிலைத் தூக்கச் சொன்னார்கள். 'நில்லு' என்றது அவனுக்குப் புரியவில்லை. ஒரு அடி கூடுதலாக வைத்தான். லேடில் ஆடி, ஒரு சிறு குமிழி இரும்பு நாகமுத்துவின் இடது ஷூமேல் விழுந்தது. ஓட்டை இருந்த இடம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். மனைவியின் ஆபரேஷனுக்கு வேண்டிய லீவைப் புண்ணுக்குச் செலவழிக்க மனசில்லை. கேட்டில் நொண்டிக்கொண்டு வந்து போனை நீட்டினார். சந்திரகலா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"இன்னாண்ணா இது... குந்துங்க, கொஞ்சம் குந்திட்டுப் போங்க."

"வேணாம்மா. உனுக்குக் குதிகாலு, எனுக்கு விரலு. ரெண்டுபேரு காலயும் சேத்தா ஒண்ணு ஒயுங்கா தேறும்." சிரிக்க முயன்றார். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், "சின்னராசு இருந்தா வுட்டுருக்க மாட்டான்" என்றார்.

அன்று பகல் சாப்பாட்டு நேரம். எல்லோரும் போனுக்காகக் கேட்டில் வரிசையில் நின்றார்கள். சந்திரகலா பானுவின் போனை எடுத்தாள், கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"இத வந்து பாருங்க எல்லாரும்."

"இன்னாக்கா, சாமி வித்தயா? பசிக்குது, சீக்கிரம்."

"சாமியும் இல்ல ஒண்ணுமில்ல. இதோ பாரு, உன் வெரலு மை. 'ப'ன்னு கீதா? இத மேல இழுத்தா தொறந்துக்கும். அவ்ளோதான் என் வித்தை." போனை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். "அன்னிக்கி வெள்ளிக்கெழம என்னிய ஆபீசுக்கு அனுப்பிட்டு தானியேல் இங்க நின்னாரு. நான் வந்து பாத்தா உன் போனு கண்ணாடி சுத்தமா தொடச்சிகீது. நீ தொடைக்கல. நான் தொடைக்கல. நாகமுத்தண்ணன் ஒண்ணும் சொல்லல. உன் போன்லேந்துதான் போச்சு."

  பானு தன் போனை வாங்கி, சாய்த்துப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அந்தாளுக்கு எப்டித் தெரியும் இது?"

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

சந்திரகலா நாற்காலியைப் பார்த்தாள். பானுவும் பார்த்தாள்.

"ஒரு சேருக்காக்கா?"

"ஆமா" என்றாள் சந்திரகலா. "ஒரு சேருக்கு."

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். ஒருவர் திட்டினார். ஒருவர் தானியேலை இழுத்துவா என்றார், யாரும் இழுக்கப் போகவில்லை. பானு போனை முந்தானையில் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டே நின்றாள். சந்திரகலா அவளுக்குப் பதில் சொன்னாள், சின்னராசுவுக்குப் பதில் சொன்னாள், கேட்ட எல்லோருக்கும் சொன்னாள். வரிசையின் கடைசியில் கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்ற நாகமுத்துவின் பக்கம் மட்டும் அவளால் திரும்ப முடியவில்லை.

மறுநாள் சின்னராசு தானாக வந்து லேடிலின் மறுமுனையைப் பிடித்தாராம். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையாம். லேடில் ஆடாமல் போனதாம். உள்ளே நடந்ததைக் கேட்டில் நிற்பவள் இப்படி ஆம் போட்டுத்தான் சொல்ல முடியும்.

தானியேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கைக்குட்டை, அதே மெல்லிய குரல். மனுவை மறுபடி எழுதப்போகிறார்கள் என்று கேள்வி, இந்தத் தடவை காகிதத்தில். ஏஜென்சியிலிருந்து சந்திரகலாவுக்குப் போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வள்ளூர் பக்கம் ஒரு குடோன் கேட். காரணம் சொல்லவில்லை. நாற்காலியை அன்றைக்கே ஆபீஸ் பையன் வந்து எடுத்துப் போய்விட்டான்.

கடைசி நாளில் போன்கள் வரும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் தொடையில், லுங்கியில், தலைத் துண்டில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கொடுத்தார்கள். ரேக் முழுக்கப் பளபளவென்று கண்ணாடி. பானு பூட்டை மாற்றிவிட்டாள். என்னவென்று சந்திரகலா பார்க்கவில்லை. போகும்போது பானு, "வள்ளூர்லயாச்சும் குந்த வுடுவாங்களாக்கா?" என்றாள். அது கேலியா கரிசனமா என்று பானுவுக்கே தெரிந்திருக்காது.

சாயங்காலம் நாகமுத்து வந்தார். அவர் போனை எடுத்து நீட்டும்போதே அது அடித்தது. குறட்டை இல்லை. கடையில் வாங்கும்போது இருக்கிற சாதாரண மணி. அவர் அதை எடுத்துக் காதில் வைத்து, "வந்துகினே கீறேன்" என்றார். அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எளாவூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சொல்ல வேண்டியது சந்திரகலாவுக்கு வாய்வரை வந்தது.

"பாத்துப் போங்கண்ணா" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார். அவர் மணல் சலித்த நாட்களுக்கும், அந்தக் கால் விரலுக்கும், நாகமுத்துவிடம் அவள் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.